வேலிக்காரர் கப்பூரும் இலந்தை முள்ளும்

தோண்டிய குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு கப்பூர் பக்கத்திலேயே குந்திவிடுவார். அது வற்றும்வரை எழுந்திருக்க மாட்டார். புதினாத் தேநீர் கொடுத்தால் குடிப்பார், பேச்சுக் கொடுத்தால் பேசுவார். கண் மட்டும் குழியை விட்டு அகலாது. "வேலைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?" என்று கேட்டவர்கள் உண்டு.

"மண்ணு தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்குது. நடுவுல எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்காது" என்பார்.

மொராக்கோவில் துக்காலாச் சமவெளியின் கரிசல் பொல்லாதது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் பிசைந்த மாவாய் உப்பும். கோடையில் நட்ட கம்பம் பாறையில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். அதை நம்பி முழங்கால் ஆழத்தோடு நிறுத்தியவர்களின் வேலிகள், முதல் மழைக்குப் பிறகு கல்யாண வீட்டில் சாப்பிட்டுத் திரும்பும் கிழவர்களைப்போல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். கப்பூர் தோண்டும் குழிக்கு வாய் சிறியது, வயிறு பெரியது. வெடிப்பு முடியும் இடத்துக்கும் கீழே போய், அடியை அகலப்படுத்தித்தான் கான்கிரீட் கொட்டுவார். மேல்மண் எவ்வளவு உப்பினாலும் அந்தக் கம்பத்தைப் பிடுங்க முடியாது.

இந்தப் பக்கத்தில் வேலிக்காரர் என்றொரு தொழிலே முன்பு கிடையாது. தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் சப்பாத்திக்கள்ளிதான் வேலி. ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அப்புறம் அந்த வெள்ளைப் பஞ்சுப் பூச்சி வந்தது. நசுக்கினால் விரலில் ரத்தமாய் ஒட்டுகிற பூச்சி. சில வருடங்களில் கள்ளியெல்லாம் உருகி மண்ணோடு போயிற்று. கிணறு வெட்டிக்கொண்டிருந்த கப்பூர் அப்போதுதான் கம்பி வலைச் சுருளைத் தோளில் ஏற்றினார். குழி தோண்டத் தெரிந்தவனுக்கு மற்றது தானாக வரும் என்பது அவர் நினைப்பு. வந்தது.

கூலி பேச வருகிறவர்களிடம் முதலில் ஒரு பாடம் நடத்திவிடுவார். "புது வேலியப் பாத்து ஆளு வைக்காதீங்க. புது வேலியும் புது மாப்பிள்ளையும் ஒண்ணு, எல்லாம் நல்லாத்தான் தெரியும். ரெண்டு மழை பாத்த வேலியாப் போய்ப் பாருங்க. அதுவும் சொந்தக்காரன்கிட்ட கேக்காதீங்க, ஏமாந்ததச் சொல்ல வெக்கப்படுவான். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேளுங்க, அவன் சந்தோஷமாச் சொல்லுவான்."

எல்லைக் கயிற்றின் ஒரு முனையை நிலத்துக்காரரும் மறுமுனையைப் பக்கத்து நிலத்துக்காரரும் பிடித்து, இருவரும் "பிஸ்மில்லா" சொன்ன பிறகுதான் கடப்பாரையைத் தொடுவார். பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் இல்லையென்றால் அன்றைக்கு வேலையில்லை.

மூலைக் கம்பத்தை அவர் மாமனார் என்று சொல்வார். "மாமனாரு அசைஞ்சா குடும்பமே அசையும். நடுவுல நிக்கறதெல்லாம் மருமகனுங்க, சும்மா கூட்டத்துக்கு." மாமனாருக்கு மட்டும் இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக் கொடுப்பார். கான்கிரீட்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, ஒரு வாரம் தண்ணீர் தெளிப்பார். அதுவரை வலையை இழுக்கவே மாட்டார். இன்னும் இறுகாத பச்சைக் கான்கிரீட்டில் நிற்கும் கம்பத்தில் வலையை இறுக்கினால் மூலை உள்ளே வந்துவிடும். பிறகு எந்த ராஜா வந்தாலும் அது நிமிராது.

இந்த ஒரு வாரத்தால்தான் தாவியா அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தாவியாவின் தொழுவம் செவ்வாய்ச் சந்தைக்குப் போகிற சாலை ஓரத்தில் இருக்கிறது. கள்ளி போன பிறகு அங்கே மறைப்பே இல்லை. உள்ளே ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வருடம் முழுக்க பார்லியும் தவிடும் போட்டு வளர்த்த கிடாக்கள். அவள் வீட்டின் ஒரு வருட வரும்படி அந்தக் கிடாக்கள்தான். பக்கத்துக் கிராமத்தில் தெருநாய்க் கூட்டம் புகுந்து நான்கு ஆடுகளைக் குதறிவிட்டது. அந்தப் பயத்தில்தான் கப்பூரைத் தேடி வந்தாள். அவர் சொன்ன பழைய வேலியைப் போய்ப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடமும் கேட்டுவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தாள்.

கம்பங்கள் நட்டாயிற்று. வலைச் சுருள் வாசலில் கிடந்தது. கப்பூர் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கம்பத்த மட்டும் நட்டுட்டு உக்காந்திருக்கியே. நாய்கிட்ட ஒரு வாரம் கழிச்சு வான்னு சொல்லிட்டியா?"

"அக்கா, இன்னிக்கு இழுத்தா அடுத்த மாசம் என்னையத் திட்டுவ. நாளு கழிச்சு இழுத்தா இன்னிக்குத் திட்டுவ. இன்னிக்கே திட்டிரு."

அவள் அதோடு விடவில்லை. கைப்பேசியை எடுத்து, இத்தாலியில் இரும்புப் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் மிலூதைக் கூப்பிட்டு, திரையைக் கப்பூரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரைக்குள்ளிருந்து மிலூத், "ஏம்ப்பா, நாய் புகுந்தா யாரு பொறுப்பு? உன் கான்கிரீட்டா?" என்றான்.

கப்பூர் தொழுவத்துக்குள் நின்ற கிடாக்களைப் பார்த்தார். ஒரு கிடா போனாலும், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில், கப்பூரின் கம்பங்களுக்கு நடுவில் போகும். அதற்குப் பிறகு யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். கழுதை வண்டி நிறைய இலந்தை முள்ளை வெட்டிக்கொண்டு வந்தார். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, தூர் வெளியே, நுனி உள்ளே என்று அடுக்கப் போனவர் கொஞ்சம் யோசித்து, எல்லாவற்றையும் திருப்பி நுனியை வெளியே பார்க்க வைத்தார். நாய் வெளியிலிருந்துதானே வரும். இடுப்பு உயரத்துக்கு எழுப்பி, காலால் மிதித்து இறுக்கினார். பொழுது சாய்வதற்குள் தொழுவத்தைச் சுற்றி வந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்ச் சந்தை. சாலையே சிரித்தது. ஆட்டுத் தரகர் தைபி வண்டியை நிறுத்தினார். "என்ன கப்பூரு, கம்பி வேலின்னு சொன்னாங்க. கம்பி இன்னும் முளைக்கலையா? தண்ணி ஊத்திக்கிட்டுத்தான இருக்க?"

"முளைக்கும். நீ போயிட்டு வா."

"எங்க தாத்தாவும் இப்பிடித்தான் வேலி போட்டாரு. காசு வாங்கல."

மிலூதும் திரையில் பார்த்துவிட்டு, "கம்பிக்குப் பணம் அனுப்புனா முள்ளக் காட்டுறீங்க. மொராக்கோவுக்கு நானே வந்து நிக்கணும்போல இருக்கு" என்றான். கப்பூர் சாக்குக்குத் தண்ணீர் தெளித்தார். உள்ளங்கை முழுக்க முள் குத்தி வீங்கியிருந்ததால் வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டார்.

ஒரு விடியற்காலையில் தாவியா கூப்பிட்டாள். தெற்குப் பக்கம் முள் கலைந்து கிடந்தது. மண்ணில் நாய்க்காலடிகள். முள்நுனிகளில் செம்பட்டை மயிர் கொத்துக் கொத்தாய்ச் சிக்கியிருந்தது, ஒன்றிரண்டில் ரத்தமும். இருவரும் உள்ளே ஓடிப்போய்க் கிடாக்களை எண்ணினார்கள். ஒன்றும் குறையவில்லை. அவை கலவரமே இல்லாமல் தவிட்டுத் தொட்டியை முட்டிக்கொண்டிருந்தன.

அவள் அந்த மயிரைத் திரைக்குக் காட்டினாள். மிலூத் முகத்தைத் திரைக்கு நெருக்கிப் பார்த்தான். பிறகு, "அவருக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொடு. முட்டையும் பொரிச்சுக் கொடு" என்றான்.

வாரம் முடிந்ததும் கப்பூர் வலையை விரித்தார். வலையை இறுக்கும் திருகுக் கருவியைப் போட்டு இழுத்தபோது கம்பி விண்ணென்று நின்றது, மூலைக் கம்பம் இம்மியும் நகரவில்லை. முள்ளையெல்லாம் வாரி வெளியே ஒரு குவியலாகப் போட்டார்.

அன்றைக்குச் சந்தை நாள். தைபி வண்டியிலிருந்து இறங்கிக் கிடா விலை பேச வந்தார். தாவியா ஒரு விலை சொன்னாள், அவர் வாயில் அடித்துக்கொண்டார். பேரம் நீண்டது. கால் வலித்தது போலும், தைபி தன் பெருத்த உடம்பை மூலைக் கம்பத்தில் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி மறுகாலின்மேல் போட்டுக்கொண்டார். வீட்டுச் சுவரில் சாய்ந்தவரைப்போல அப்படியே மறந்துபோய், "கடைசி விலையச் சொல்லு தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சற்றுத் தள்ளி நின்ற கப்பூர் தரகரைப் பார்க்கவில்லை, கம்பத்தின் அடியைத்தான் பார்த்தார். அங்கே மண் துளியும் அசையவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்த முள்ளைப் பல்லால் கடித்து இழுத்து, வேலிக்கு வெளியே துப்பினார்.