‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதிய நாள்

எங்கள் அலுவலகத்தில் தாமதத்தை அளப்பது என் வேலை. எங்கள் தீவின் துறைமுகப் பகுதியான ஹேடோவில் இருக்கும் அலுவலகத்திலிருந்து கிளம்பும் தகவல் ஒவ்வொரு கிளைக்கும் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று தினமும் மூன்று வேளை நோட்டில் குறிப்பேன். அதை வைத்து ஒவ்வொரு கிளையின் ரூட்டரிலும் தகவல் போக வேண்டிய பாதையை நானே எழுதுவேன். நான் போய்விட்டால் யார் குறிப்பது என்று நினைத்துத்தான் மெயின்லேண்ட் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது மறுத்தேன். என்னோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மேஜைப் பெண்மணி போனார்.

திரும்பி வந்ததும் என் பாதைகளை எல்லாம் நீக்கிவிட்டார். இப்போது அவர் நிறுவிய, ஒரே கணினியில் ஓடும் நிரல் மொத்த வலையமைப்பையும் பார்த்து, தாமதம் குறைந்த பாதையைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அந்த மாதம் நோட்டில் ஏறிய எண்களைப் போலச் சிறிய எண்களை நான் பார்த்ததே இல்லை. அவற்றை என் கையாலேயே எழுத வேண்டியிருந்தது.

ஒருநாள் அவர் கூப்பிட்டபோது, “சொல்லுங்க மேடம்” என்றேன்.

“என்னண்ணே, புதுசா மேடம்? போறதுக்கு முன்னாடி ‘ஏம்மா’ன்னுதானே கூப்பிட்டீங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஹேடோ துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் வந்து நின்றது. அக்கரையில் இருக்கும் எங்கள் கிளையான பாம்பூஃப்ளாட் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் போன் செய்தார். “வீடியோல டாக்டர் வாய் அசையுது, சத்தம் அப்புறமா வருது. நோயாளி பயந்துக்கிறாங்க.”

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் மாடியிலிருந்து துறைமுகத்தைத் தாண்டிப் போகும் ரேடியோ இணைப்பைக் கப்பலின் கிரேன் திரும்பும்போதெல்லாம் மறைக்கும். உடனே நிரல், சுற்றிப் போகும் தரைவழிக் கேபிளுக்கு மாறும். கிரேன் விலகியதும் ரேடியோவுக்குத் திரும்பும். இப்படி மாறி மாறி ஓடித்தான் வீடியோ திணறியது. கப்பல் வரும் நாட்களில் நான் காலையிலேயே பாதையைத் தரைவழிக்கு மாற்றி, கப்பல் போன பிறகுதான் திருப்புவேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“ஏன் இப்படி மாறிக்கிட்டே இருக்கு? உங்களுக்கு ஏதாவது தோணுதாண்ணே?” என்று அவர் கேட்டார்.

“தோணலையே” என்றேன். அன்றைய பக்கத்தில் ‘காரணம் தெரியவில்லை’ என்றும் எழுதினேன்.

அதிகாரி அவரிடம் சொன்னார்: “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. டீக் ஆகலைன்னா புரானாவாலா சிஸ்டமே போதும்.” சரியாகாவிட்டால் பழைய முறை. பழைய முறை என்றால் என் முறை. செவ்வாயும் புதனும் அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குப் போகும் மாலைப் படகுக்கு ஓடினார். நர்ஸ் தினமும் போன் செய்தார். எண்களைச் சரியாகக் குறித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் திங்கட்கிழமைப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள் உறுத்தின. அத்தனை வருட நோட்டுகளில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை அவற்றை அடித்து, ‘கப்பல் கிரேன்’ என்று மேலே எழுதி, நோட்டை அவர் மேஜையில் வைத்தேன். பழைய கப்பல் நாட்களின் பக்கங்களில் சீட்டு செருகியிருந்தேன். அவர் வெகுநேரம் படித்தார். அடித்த இடத்தில் விரல் நின்றது.

“அப்ப திங்கட்கிழமையே தெரியும்?”

“தெரியும்.”

“மூணு நாளா என்னைப் பைத்தியமாக்கிட்டீங்களே.”

அவர் கணினி பக்கம் திரும்பி, ஒருமுறை விட்ட பாதைக்கு அது நெடுநேரம் சீராக இருந்தால் மட்டுமே திரும்ப வேண்டும் என்று நிரலில் சேர்த்தார். மத்தியானத்துக்குள் வீடியோ சரியானது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அவரைப் பாராட்டியபோது, “கப்பல் விவரம் அண்ணனோட நோட்டுல இருந்து எடுத்தது சார்” என்றார். நான் மூன்று நாள் மறைத்ததைச் சொல்வாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன். நிரலைவிட, அவர் அதைச் சொல்லாமல் விட்டதுதான் அன்று எனக்கு அதிகப் பொறாமையாக இருந்தது.