தனியாக ஓர் எழுத்து

கணினி விளையாட்டு ஒன்றுக்காகப் புது மொழியை உண்டாக்கிய ஒருவரிடம் நான் எழுத்து வரையும் வேலை பார்த்தேன். தமிழ்நாட்டுக்கு வெளியே, இந்திராநகரில் அலுவலகம். அவர் அதை ஒட்டிய ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அதைச் சொல்லும்போது ஏதோ கெட்ட பழக்கத்தை விட்டொழித்தவர் போல முகத்தில் ஒரு பெருமை.

விளையாட்டில் வரும் காட்டு மக்கள் பேசும் மொழி அது. "ஒரு சவுண்டுக்கு ஒரு எழுத்து, அவ்ளோதான். இங்கிலீஷ் மாதிரி எழுதறது ஒண்ணு, படிக்கறது ஒண்ணுங்கற தலவலியே கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். முதலில் நானும் பிளந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல, நான் சத்தத்தைப் பிடித்து எழுத்து வரைவேன். மழைக்கு அவர் வைத்த சொல் 'வழே'. நம் ழகரமேதான், அந்தக் காட்டுக்கு எப்படிப் போனதோ. அதற்கென ஓர் எழுத்து வரைந்தேன். நாக்கு மடங்குவது போலவே கோடும் மேலே போய் உள்ளே மடங்கும். வரைந்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். மற்றவற்றை அவர் என்ன பாடு படுத்தினாலும் இது ஒன்று பிழைத்தால் போதும் என்றிருந்தேன்.

பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஜாஸ்திங்க. இசட்டுக்கு வரைஞ்சிருக்கீங்க, ஹெச்சுக்கு வரைஞ்சிருக்கீங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா ஆச்சு."

"சார், அது ஒரே சத்தம்."

"தமிழ்னு எழுதறப்பகூட இசட் ஹெச் தானே போடறோம்? ரெண்டு எழுத்து இருக்குல்ல?"

"அது இங்கிலீஷ்ல எழுதறப்ப சார்."

"பின்ன வேற எதுல எழுதுவாங்க?"

கேலியில்லை, மெய்யாகவே கேட்டார். ஆங்கிலத்தை உதறிவிட்டதாகப் பீற்றிக்கொண்ட மகானுபாவர், தன் வாயில் வரும் சத்தத்தைக்கூட ஆங்கில எழுத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என் எழுத்து போயிற்று.

குரல் பதிவுக்கு, பூசாரியாகப் பேச ஒரு நடிகர் வந்தார். தமிழர் அல்லர். அந்த எழுத்துகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்திருந்ததால், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார். மழையை அழைக்கும் காட்சி. இரண்டு கைகளையும் தூக்கி, "வஸ்ஹே! வஸ்ஹே!" என்று கதறினார். தும்மல் வந்து பாதியில் நின்றுபோனவர் போலிருந்தது. எந்த மழை வரும்?

இப்போதாவது உறைக்கும் என்று எங்கள் மொழிச் சிற்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்களை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"செம சவுண்டுங்க இது! எந்த பாஷைலயும் இல்ல. இதுக்குத் தனியா ஒரு எழுத்து வேணும். அன்னைக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒண்ணு வரைஞ்சீங்களே, அதப் போட்டுடுங்க."

போட்டேன். ழகரத்துக்கு வரைந்ததை அந்தத் தும்மலுக்குப் போட்டேன். விளையாட்டின் முகப்பில் இப்போது அந்த எழுத்துதான் பெரிதாக மின்னுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் தமிழ்ப் பிள்ளைகள்கூட அதைப் பார்த்ததும் 'ஸ்ஹ' என்கிறார்கள்.