இட்லித் தட்டில் முளைத்த அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெல்லாவின் கணவர் ஜோசப் போன் செய்தார். "சார், ஸ்டெல்லா போயிட்டா. தூக்கத்துலயே. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போவணும். அவ சொல்லி வெச்சிருக்கா" என்றார். சாவுச் செய்தியோடு சாப்பாட்டு அழைப்பும் வருவதென்றால் அது ஸ்டெல்லா வீடாகத்தான் இருக்க முடியும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

எங்கள் நெல் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஸ்டெல்லா போட்ட சட்டம் தெரியும். வயலில் தேறிய புது நெல் எதுவானாலும் மதியம் சமைத்துவிடுவார். முதல் கவளத்தைக் குழம்போ ரசமோ இல்லாமல் வெறுஞ்சோறாகவே தின்றாக வேண்டும். நான் பயிர்நோய் பார்க்கிறவன். என் வேலை இலையோடு முடிந்தது என்று நழுவப் பார்த்தாலும் விடமாட்டார். "விளைச்சல் கணக்கை அப்புறம் காட்டுங்க. மொதல்ல வாய் சொல்லட்டும்" என்பார். வாய் சொன்னது பெரும்பாலும் வசவுதான்.

காரணம் இருந்தது. பெங்களூரைச் சுற்றிப் போர்வெல்கள் வற்றிக்கொண்டிருந்த காலம் அது. வயலில் நீர் கட்டாமல், ராகிக்குப் பாய்ச்சுவதுபோல் அவ்வப்போது பாய்ச்சினாலே விளையும் நெல் ஒன்றை உருவாக்க ஸ்டெல்லா பாடுபட்டார். வறட்சி தாங்கும் மேட்டுநில நெல் ஏற்கெனவே உண்டு, ஆனால் சோறு தொண்டையில் இறங்காது. அதைச் சன்ன ரகத்தோடு கலந்து, வருஷக்கணக்காகக் கழித்துக் கழித்து, கடைசியில் மனதுக்குப் பிடித்த ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார். அதன் விதை முழுவதும் ஒரு சின்னக் காகித உறையில் அடங்கிவிட்டது.

சமைத்துப் பார்க்க, பக்கத்துச் செடிகளின் நெல் இன்னொரு உறையில் இருந்தது. ருசி பார்க்கும் அவசரத்தில் ஸ்டெல்லா எந்த உறையை உமி நீக்கும் இயந்திரத்தில் கொட்டினார் என்று நான் சொல்ல வேண்டுமா? இயந்திரம் நின்ற பிறகுதான் உறையைப் பார்த்தார். "ஐயையோ, வெதையை உரிச்சுட்டேன்!"

அவர் தமிழிலும் கன்னடத்திலும் தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். பிறகு ஓர் அரிசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார்.

"சட்டையைத்தானே கழட்டியிருக்கோம்? மூலையில முளை அப்படியே இருக்கு பாருங்க!"

தீட்டாத அரிசி முளைக்கும் என்று நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். அந்த நேரத்தில் அவருக்கு மட்டுமே அது நினைவு வந்தது. உமி இல்லாத அரிசியைப் பூஞ்சணம் சும்மா விடாது என்பதால் மருந்தில் கழுவிக் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. எங்கள் முளைப்புப் பெட்டியோ பழுதாகிக் கிடந்தது. ஸ்டெல்லா அரிசியைப் பிரேசர் டவுன் வீட்டுக்குக் கொண்டுபோய், இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்துப் பரப்பி மூடிவைத்தார்.

சில நாள் கழித்து, இட்லிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஜோசப்பும் வந்தார். "எங்க வீட்டுல டெய்லி உப்புமாதான் சார்" என்று என்னிடம் முறையிட்டார். ஸ்டெல்லா மூடியைத் திறந்தார். குழிக்குக் குழி வெள்ளை வெள்ளையாக முளை. எங்கள் பிரிவுத் தலைவர், சிரித்தே பார்த்திராத மனிதர், கைதட்டினார்.

அந்த நாற்றுகளின் வழிவந்த நெல்லைத்தான் பிறகு ஆனேக்கல் பக்கம் விதைத்தோம். அறுவடை நாளில் விவசாயிகளுக்கும் அதே சட்டம், முதல் கவளம் வெறுஞ்சோறு. முனியப்பா என்பவர் வாயில் போட்டு மென்றார். ஸ்டெல்லா கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முனியப்பா இலையை முன்னால் தள்ளி, தன் கன்னடத் தமிழில் கேட்டார்.

"இன்னும் ஸ்வல்ப போடுங்கம்மா."

அன்றைக்கு ஸ்டெல்லா சிரித்த சிரிப்பை வரப்பில் நின்ற எல்லோரும் கேட்டோம்.

அடக்கம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். சோறு முனியப்பா வயலிலிருந்து வந்த நெல்லில் வடித்தது. ஜோசப் குழம்பு வாளியோடு வந்தபோது, யாரும் யாரிடமும் சொல்லாமலே, பழைய ஆட்கள் அத்தனை பேரும் இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தோம். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"வாய் என்ன சார் சொல்லுது?"

ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த முதல் கவளத்தைத்தான். அதை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு இலையை முன்னால் தள்ளினேன்.

"இன்னும் ஸ்வல்ப போடுங்க."