பையோடு நட்ட கத்தரிச் செடி

மைக் பிடிக்கிற தொழிலில் ஒரே ஒரு சங்கடம்: நாம் பேசுவதை ஊரே கேட்கும், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

பயிற்சி முகாமில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ யாருக்கோ சால்வை போர்த்துவதைப் பார்த்துக்கொண்டே, டீ எப்போது வரும் என்று கொட்டாவியை விழுங்கியவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதன் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது தர மாட்டேன். முகாமில் டீயை முதலிலேயே கொடுத்துவிட்டால் எவராவது உட்கார்ந்திருப்பாரா?

பிளஸ் டூ பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா கிடந்த என்னை வேலைக்கு எடுத்தது ஒரு தொண்டு அமைப்பு. பேர் வேண்டாம். தலைமை அலுவலகம் சென்னையில். குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கீழத்தெருவில் சமுதாயத் தோட்டம் போட வந்திருந்தார்கள். வேனில் உட்கார்ந்து தெருத்தெருவாகக் கூவி அழைப்பது, கூட்டத்தில் ‘அடுத்ததாக’ சொல்வது, இவ்வளவுதான் என் உத்தியோகம். ஒருத்தர் பேச ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பேசிவிடுவேன். தலைமையாசிரியர் குரலில் ஸ்பீக்கரில் பள்ளிக்கூடத்துக்கே அரை நாள் லீவு விட்டவள் நான். தெருவில் எனக்குப் பேர் ரேடியோ.

வசந்தம் வந்த கதை

என் கையில் கொடுத்த தாளில் ‘வசந்த காலத் தோட்டத் திருவிழா, அனைவரும் வருக, கற்றுப் பயன் பெறுக’ என்று இருந்தது. அப்போது பங்குனி. தை அறுப்பு முடிந்து, உளுந்தும் பிடுங்கியாகிவிட்டது. ஆற்றில் மணல் தெரிகிறது. வாய்க்காலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. இந்த வெயிலில் யார் சார் செடி நடுவார்கள் என்று ஒருங்கிணைப்பாளர் மோகன் சாரிடம் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமாமல், ‘ஆக்சுவலி’ சொல்லாமல் வாயைத் திறந்ததே கிடையாது. “க்ஹும். ஆக்சுவலி, உலகம் முழுக்க இந்த மாசம்தாம்மா நடவு சீசன். மேலிடத்துலேர்ந்து காலண்டரே போட்டு அனுப்பிட்டாங்க” என்றார்.

உலகத்துக்குக் காவிரி மாதிரி ஒரு ஆறு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, டிவியில் செய்தி வாசிக்கிற அம்மா குரலில் தெருத்தெருவாக அறிவித்தேன். டீக்கடைக் கலியபெருமாள் மாமா பாய்லர் பக்கத்திலிருந்து தலையை நீட்டினார். “ஆத்துல தண்ணி வர்றதுக்கு முந்தி வசந்தம் வந்துடுச்சா? பாவம், வெயில்ல வந்திருக்கும், ஒரு டீ குடிச்சிட்டுப் போவச் சொல்லு.”

கை மட்டும் மிச்சம்

முதல் நாள் பயிற்சிக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பச்சைத் தொப்பி, ஒரு ஜோடிக் கையுறை. இதை மாட்டிக்கொண்டு மண்ணில் எப்படி விரலை விடுவது என்று பாக்கியம் அக்கா விழித்தாள். விரலை விடவே வேண்டாம், கையை உயர்த்திக் காட்டினால் போதும் என்று போட்டோகிராபர் சொல்லிவிட்டார். காட்டினார்கள். ‘பசுமை எங்கள் மூச்சு’ என்று நான் மைக்கில் சொல்ல, அவர்களும் சொன்னார்கள்.

போட்டோ முடிந்த கையோடு தொப்பியும் கையுறையும் கோணிப்பைக்குத் திரும்பிப் போயின. ஒரத்தநாட்டில் நாளைக்கு இதே பயிற்சியாம், அங்கேயும் கை இருக்கிறதாம். தோட்டக் குழுவுக்குத் தலைவி என் சித்தி, அம்மாவின் தங்கை செல்வி. முனகிய பெண்களை அவள்தான் அடக்கினாள். “கையுறையத்தானே வாங்கிக்கிட்டாங்க, கைய விட்டுட்டுத்தானே போறாங்க? பேசாம வாங்கடி.”

போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்

சித்தி ஏன் அப்படி அடக்கினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் முழிக்கக் கூடாது. எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வரும். தண்ணீருக்கு மேலத்தெரு மிராசு ஐயாவின் பம்ப்செட்டில்தான் குடத்தோடு நிற்க வேண்டும். பெண்களின் தலையைக் கண்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு ‘கரண்ட் போயிடுச்சு’ என்பார். கொட்டகைக்குள் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். மாட்டுக் கொட்டிலைக் கூட்டி, சாணி அள்ளிப் போட்டால் கரண்ட் வரும். இப்போது தோட்டத்துக்காகத் தெருவில் ஒரு குழாய்க் கிணறு இறக்கி, பக்கத்தில் சிமெண்டு மேடை கட்டி, புத்தம் புது நீல மோட்டாரை நாலு போல்ட் போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். வேனிலிருந்த ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கரண்ட் கனெக்‌ஷன் வரும் செவ்வாய்க்கிழமை வந்துவிடும் என்றார் மோகன் சார். தோட்டம் பச்சையாக இருந்தால் மோட்டார் தெருவுக்கே சொந்தம் என்றும் சொன்னார்.

சித்தி நேரே மேலத்தெருவுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன், இந்த மாதிரிக் குரலெல்லாம் விடலாமா? “ஐயா, இனிமே ஒங்க கொட்டில வேற ஆளு வச்சுக் கூட்டிக்குங்க. எங்க தெருவுக்குத் தண்ணி வந்துடுச்சு. செத்தாலும் இந்தப் படி ஏற மாட்டேன்” என்றாள். குரல் நடுங்கவே இல்லை. மிராசு ஐயா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தவில்லை. “போம்மா, நல்லாப் போ. வழிய மட்டும் மறந்துடாத.”

டீயும் வடையும்

செவ்வாய்க்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன, கனெக்‌ஷன் வரவில்லை. வேன் வருகிற நாளில்தான் தண்ணீர். மற்ற நாளெல்லாம் சித்தி அடுத்த ஊர் கைப்பம்பு வரை நடந்து, ஒரு குடம் வீட்டுக்கு, ஒரு குடம் நாற்றுக்கு என்று சுமந்தாள். ‘தண்ணீர்ச் சிக்கனம்’ என்று ஒரு வகுப்பு அப்போதுதான் வந்தது. இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துத் தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் வைக்கவில்லை. மிச்சப்படுத்திவிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேனுக்குப் பின்னால் போய் நின்று, கலியபெருமாள் மாமா கடைக்குப் போன் போட்டேன். “க்ஹும். ஆக்சுவலி, எல்லாருக்கும் டீ, ஆளுக்கு ரெண்டு மெதுவடை, சட்னி தனியா அனுப்புங்க, நம்ம கணக்குல.” வந்தது. பெண்கள் சாப்பிட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். மோகன் சார் வடைத் தட்டையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எல்லாரும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். “க்ஹும். ஆக்சுவலி நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன். எனக்கு மனசு கேக்காது.”

மேடம் பேசுகிறேன்

வடையில் வந்த தைரியம், கரண்ட் கனெக்‌ஷனுக்கும் இதே வழி என்று தோன்றியது. வேன் ஓட்டுகிற மஸ்தான் அண்ணன் சவுதியில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் மோகன் சாருக்குத் தெரியாத ஒரு நம்பர் இருந்தது. தலைமை அலுவலக மேடம் தினமும் ஸ்பீக்கர் போனில் சாரைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். மூக்கால் பேசுவார், மூச்சுக்கு மூச்சு ‘ப்ளீஸ்’ போடுவார். அண்ணனின் போனை வாங்கி, தோட்டத்து வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கம் நின்ற சாரைக் கூப்பிட்டேன். “மோகன், புது நம்பர்லேர்ந்து பேசறேன், ப்ளீஸ். அந்த மோட்டார் விஷயம் என்னாச்சு?” ஒரு அதட்டுப் போட்டால் நாளைக்கே மின்வாரியத்துக்கு ஓடுவார் என்பது என் கணக்கு.

போனிலும் வேலிக்கு மேலாகவும் ஒரே பதில் ரெண்டு தடவை கேட்டது. “க்ஹும். ஆக்சுவலி மேடம், நீங்க சொன்னபடியேதான். கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுக்கவே இல்ல. பணம் குடுக்கற விருந்தினர் வந்து பார்த்துட்டுக் கெளம்பினதும் கழட்டி ஒரத்தநாட்டுக்கு ஏத்திடறோம். ஒரு மோட்டார்தானே மேடம், எல்லா ஊருக்கும் அதுதானே.”

இன்னொரு தரம்

புங்கமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். பதற்றத்தில் அவர் சொன்னது அவர் குரலிலேயே வந்துவிட்டது, க்ஹும்முக்கு ஒரு க்ஹும், ஆக்சுவலிக்கு ஒரு ஆக்சுவலி. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பாக்கியம் அக்காவுக்குப் புரையேறியது. “ஐயோ, நெசமாத்தான் சொல்றேன், மோட்டாரக் கழட்டப் போறாங்க” என்று கத்தினேன். அது என் சொந்தக் குரல். “இது யாரு கொரலுடி? எங்கயோ கேட்டாப்ல இருக்கு” என்றாள் பாக்கியம் அக்கா. அதற்கும் ஒரு சிரிப்பு.

சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, நீயாவது கேளு. கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுக்கவே இல்லையாம்” என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்து வந்த கண்ணீர். “அப்படியே சாருதாண்டி ரேடியோ! இன்னொரு தரம் பண்ணு.”

ஊர் சுற்றிய கத்தரி

விருந்தினர் வருவதற்கு முந்தைய நாள் பார்த்தால் தோட்டம் முழுக்கக் காய்ந்து கிடந்தது, அடுத்த ஊர் கைப்பம்பிலும் காற்று வர ஆரம்பித்திருந்தது. சித்தி குடம் சுமந்து ஊற்றிய ஒரு பாத்தி வெண்டை மட்டும் விரல் உயரத்துக்கு நின்றது. மோகன் சார் கவலைப்படவில்லை. வேனின் பின்கதவு திறந்தது. உள்ளே கத்தரி, தக்காளி, மிளகாய், எல்லாம் காய்த்துத் தொங்கிக்கொண்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு. பையைக் கிழிக்காமல் குழியில் இறக்கி மேலே மண்ணைத் தள்ளச் சொன்னார். குழிக்கு இடம் வேண்டுமென்று சித்தியின் வெண்டையைப் பிடுங்கி வரப்பில் போட்டார்கள்.

பையைக் கிழிக்காவிட்டால் வேர் எப்படிப் பிடிக்கும் என்று பாக்கியம் அக்கா கேட்டாள். செடிகளை இறக்கிக்கொண்டிருந்த மஸ்தான் அண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “வேரு புடிச்சிட்டா எப்படிக்கா திரும்ப ஏத்துறது? நான் சவுதி வரைக்கும் போய்ட்டு வந்தவன், இந்தக் கத்தரி என்னைவிட அதிகம் ஊரு பாத்துடுச்சு.”

நாலாவது போல்ட்

விருந்தினர் வந்தார்கள். மோட்டாருக்கு ரிப்பன் கட்டியிருந்தது. ஜெனரேட்டர் உறும, தண்ணீர் பாய, எல்லாரும் தொப்பியோடு கைதட்டினார்கள். ‘அடுத்ததாகத் தோட்டக் குழுத் தலைவி’ என்று நான்தான் கூப்பிட்டேன். சித்தி மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்க தெரு யாரு வாசல்லயும் கொடத்தோட நிக்காதுங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். விருந்தினர் எழுந்து நின்று தட்டினார்கள். கார்கள் போயின.

புழுதி அடங்குமுன் செடிகளைப் பையோடு இழுத்து வேனில் ஏற்றினார்கள். பெண்கள் திகைத்து நின்றார்கள். “செடிதானேடி, போனா போவட்டும். தண்ணி இருந்தா நாம நட்டுக்க மாட்டோமா?” என்று சித்தி சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்க் குடத்தைக் கொண்டுவந்து குழாய்க்குக் கீழே வைத்தாள். ஜெனரேட்டர் போகுமுன் ஒரு குடம் பிடித்துக்கொள்ளலாமென்று. மஸ்தான் அண்ணன் ஸ்பேனரோடு மேடைப் பக்கம் குனிந்தார். முதல் போல்ட்டில் கை வைத்தார். “நல்லா இறுக்கமாப் போடுங்கண்ணே, ஆடக் கூடாது” என்றாள் சித்தி.

ஒரு போல்ட் கழன்றது. ரெண்டு. மூன்று. நாலாவதைக் கழற்றி மேடையில் வைத்தபோது அது உருண்டு குடத்துக்குள் விழுந்தது. வெறுங்குடம், கணீரென்றது. மோகன் சார் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். “க்ஹும். ஆக்சுவலி, ஒரு மோட்டார்தானேம்மா, எல்லா ஊருக்கும் அதுதானே.” சித்தி அவரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். “அப்போ அன்னிக்கு நீ பண்ணினது மிமிக்ரி இல்லையாடி?”

ஆரம்பத்தில் சொன்னேனே ஒரு சிரிப்பு, அது மறுநாள் காலையில் சித்தி குடத்தோடு படியேறியபோது மிராசு ஐயாவின் பம்ப்செட் கொட்டகையிலிருந்து வந்தது. நான் கேட்ட குரல்களிலேயே எனக்குப் பண்ண வராதது அது ஒன்றுதான்.