ஸ்கேர்ஸ் காலத்தில் ஒரு பெண் பார்க்கும் படலம்

மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "ஸ்கேர்ஸ்னா 'அரிதான'னு போட்டிருக்கும்மா, சரியா?" என்றாள். சரிதான் என்றேன். ஆனால் அரிது என்றால் எனக்குக் குறிஞ்சிப் பூதான் நினைவுக்கு வரும். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஸ்கேர்ஸுக்கும் பூவுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தார். கேட்ட பொருள் இல்லை என்று யாரிடமும் சொல்லமாட்டார். "ஸ்கேர்ஸா இருக்கு சார்" என்பார். இல்லை என்றால் ஆள் சண்டைக்கு வருவானாம். ஸ்கேர்ஸ் என்றால் காத்திருப்பானாம். வீட்டிலும் அதே பாஷைதான். மண்ணெண்ணெய் ஸ்கேர்ஸ், தக்காளி ஸ்கேர்ஸ், எனக்கு வரும் வரன்களும் ஸ்கேர்ஸ். "உங்க வாய்ல மட்டும்தான் எதுவும் ஸ்கேர்ஸ் இல்ல" என்பாள் அம்மா.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து வண்ணாரப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அப்பாவுக்கு உள்ளூர உதறல். "வெயில்ல வந்திருக்கீங்க, கை கால் கழுவுங்க" என்றவர் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "குளிக்கிறதுன்னாலும் குளிங்க, இங்க தண்ணிக்கு என்ன கொறச்சல்!" என்றுவிட்டார்.

மாப்பிள்ளையின் மாமா துண்டு கேட்டார். அவருக்குப் பின் சித்தப்பா. அப்புறம் மாப்பிள்ளையின் அண்ணன், பாட்டு வேறு. பட்டுப்புடவையோடு அடுக்களையில் நின்று, டிரம்மின் அடியில் மக் இடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன்காரருக்குச் சோப்பு நுரை போகவில்லையாம். காபிக்கு வைத்திருந்த குடத்தை அப்பாவே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

தலை துவட்டி எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. காபி வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறியது. இதுவும் தட்டிப்போனதுதான் என்று நினைத்தேன். பொழுது விடிந்தால் ஸ்கேர்ஸ் பாடும் அப்பாவுக்கு அன்று பார்த்து அந்தச் சொல் வாயில் வரவில்லை.

பின்வாசலில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா பார்த்துவிட்டாள். பக்கத்துப் பாடி ஊரில் பிறந்து வளர்ந்தவள், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. "இன்னாக்கா, இதுக்குப் போய் அழுதுகினு கீற" என்று தன் வீட்டுக்குள் போனவள், சற்று நேரத்தில் காபித் தட்டோடு எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"சாப்புடுங்க. இது எங்க ஊட்டு காபி. இவங்க ஊட்டு தண்ணியதான் நீங்க குளிச்சி தீத்துட்டீங்களே. தெருவே காஞ்சி கீது. சாரு சொல்றதுக்கு கூச்சப்பட்டுகினு கீறாரு."

எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டாள். "எங்க தெருவுல லாரி வந்து நாலு நாளாச்சும்மா. தண்ணியக் கண்டதும் இதுங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியல" என்று சிரித்தாள். கல்யாணம் நிச்சயமாயிற்று. அக்கா வீட்டில் அன்று உலை ஏறவில்லை என்பதைப் பிற்பாடு அம்மா சொன்னாள்.

வேலையில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றதும், வீட்டை ஒப்படைத்துவிட்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். அக்கா குடும்பம் திருவேற்காட்டுப் பக்கம் போனது. அவள் தவறிப்போன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பழைய தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் அழுகைச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும்.