விசிலுக்கு மூன்று சுற்று

போன வாரம் எனக்கு முன்பல் இரண்டு புதிதாக வந்தன. வந்தன என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பட்டுக்கோட்டை பல் டாக்டர் அச்செடுத்து, நிறம் பார்த்து, ஒரு பிற்பகலில் ஒட்டி அனுப்பினார். சொந்தப் பற்கள் ஸ்கூட்டரோடு ஒரு வேகத்தடையில் போய்விட்டன. அந்தக் கதையில் எனக்குப் பெருமை சேர்க்க ஒன்றும் இல்லை, விட்டுவிடுவோம். "ச, சா சொல்லுங்க சார்" என்றார் டாக்டர். சொன்னேன். "இனிமே எல்லாம் பழையபடி செய்யலாம். கரும்பு மட்டும் வேணாம்." வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் கொடுத்து ஊதினேன். காற்று வந்தது. வெறும் காற்று.

ஐம்பது வயதுக்காரன் குளியலறையில் எதற்கு விசில் அடித்துப் பார்க்கிறான் என்று கேட்பீர்கள். டாக்டர் என் ஈறில் தடவிய கிராம்பு எண்ணெய்தான் காரணம். அந்த வாசனை ஏறியதும் நான் அவருடைய நாற்காலியில் இல்லை. துபாயில், தேராவின் மசாலாக் கடைச் சந்தில், ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் பெயர் எட்வின். இங்கிலாந்து நாடக நடிகர். டிவியிலும் நடித்தவர். பல்செட் உரசி ஈறு புண்ணாகி, கிராம்பு எண்ணெய் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் கீழக்கரைக்காரர். எண்ணெய்க் குப்பியை எடுத்தவர் பெரியவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இவுக டிவியில கதவு தொறக்குறவுகல்ல?"

"ஆமா பாய்."

"எங்க வீட்டுல புள்ளைய எல்லாம் பாக்கும். அந்த ஒரு வார்த்தைய சொல்லச் சொல்லுங்களேன்."

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எட்வினுக்கு அந்தப் பார்வை உலகம் முழுக்கப் பழக்கம். முதுகை நிமிர்த்தி, இல்லாத ஒரு கதவை இழுத்துத் திறந்து, இமையைப் பாதி இறக்கி ஆங்கிலத்தில் சொன்னார்: "தங்களை நாங்கள் எதிர்பார்க்கவில்லையே, ஐயா." பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சந்தை விட்டு வெளியே வந்ததும் எட்வின் மெதுவாகச் சொன்னார்: "என் சவப்பெட்டிக்கும் என்னையே கதவு திறக்கச் சொல்வார்கள்."

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் வருஷங்கள் அவை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் தெரியும் ஊர். நான் அங்கே போனது பெயிண்டர் விசாவில். படம் வரைகிறவன் ஆகையால் அது எனக்கென்றே அடித்த விசா என்று நம்பிப் போனேன். முதல் வருஷம் முழுக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். அதன் பிறகுதான் அல் கூஸில் மேடை அலங்காரம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். தகரக் கூரை போட்ட பெரிய கோடவுன். பலகைத் தூளும் தின்னரும் கலந்த வாசனை. அங்கே நான் வரைந்தது பொய்ச் சுவர், பொய்ச் சன்னல், சன்னலுக்கு வெளியே பொய்யான இங்கிலாந்து மழை. மழையைப் பார்த்து வருஷமாகிவிட்ட ஒருவன் வரைந்த மழை அது. கொஞ்சம் அதிகமாகவே பெய்திருக்கும்.

எங்கள் தலைமைத் தச்சர் சேகரண்ணன், அறந்தாங்கிக்காரர். எனக்கு இங்கிலீஷ் சரளம் என்று போர்மேனிடம் அவர்தான் அளந்து விட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது பெயிண்ட் டப்பாவில் எழுதியிருக்கும் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டுதான், ஹோட்டல் மண்டபத்தில் ராச்சாப்பாட்டோடு நாடகம் போட லண்டனிலிருந்து வந்த குழுவுக்கு நான் எடுபிடியானேன்.

மண்டபம் காலியில்லாத நாட்களில் ஒத்திகை எங்கள் கோடவுனில்தான். எட்வின் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுவார். சேகரண்ணன் செய்த கதவின் கைப்பிடியைத் தடவுவார், நாற்காலியின் கையைத் தடவுவார், மேசை விளிம்பைத் தொடுவார், வாய்க்குள் முணுமுணுப்பார். கேட்டபோது சொன்னார்: "வசனம் இப்போதெல்லாம் தலையில் நிற்பதில்லை. பொருள்களில் ஒட்டி வைக்கிறேன். தொட்டால் வரும்."

தொட்டால் அவர் வாழ்க்கையும் வரும். தேநீர் கிளாஸைத் தொட்டால், வடக்கே ஒரு துறைமுக ஊரில் மீன் இறக்கிய அப்பா வருவார். காற்றுக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல்தான் தன்னை மேடைக்குக் கொண்டுபோனது என்பார். சுத்தியலைத் தொட்டால் வாரத்துக்கு ஒரு நாடகம் போட்ட சுற்றுக் குழுக்கள் வரும். சாயங்காலம் இந்த வாரத்து ராஜா, பகலில் அடுத்த வாரத்துத் திருடனுக்கு மனப்பாடம், தூக்கம் முட்டைக்கோஸ் நாறும் வாடகை அறையில். கல்யாணம் இரண்டு. "இரண்டும் என் நாடகங்களை விடக் குறைவாகத்தான் ஓடின." அப்புறம் டிவி. பெரிய வீட்டு வேலைக்காரர் வேடம். மணி அடித்தால் கதவு திறந்து அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். நாடே அந்த வரியைச் சொல்லிச் சிரித்தது. வருஷங்கள் கழித்து, எழுதுகிறவர்கள் அலுத்துப்போய் அவரை மாடிப்படியில் உருட்டிக் கொன்றார்கள். அந்த முகத்துக்கு வேறு வேடம் தர ஆளில்லை.

"வாழ்நாளெல்லாம் பிறத்தியாருக்குக் கதவு திறந்தேன். இந்த நாடகத்தில்தான் நான் தட்டுகிறேன், இன்னொருவர் திறக்கிறார்" என்றார். செத்துப்போனதாக வீடு நம்பிய அப்பா, பல வருஷம் கழித்துத் திரும்பி வரும் வேடம். சிரிப்பு நாடகம்தான். ஆனாலும் அந்த வரவில் ஓர் இடத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் லீவு கிடைக்காத எல்லாருமே பாதி செத்துப்போன அப்பாக்கள்தான்.

மண்டபத்தில் செட் போட்ட அன்று, ஏணி மேல் திரை கட்டிக்கொண்டிருந்த சேகரண்ணன் சந்தோஷத்தில் ஒரு விசில் விட்டார். சாதாரண விசில் இல்லை, டெண்ட் சினிமாக் கொட்டகையின் கூரைக்குப் பழகின விசில். எட்வின் முகம் வெளுத்து ஓடி வந்தார். தியேட்டருக்குள் விசில் அடித்தால் கேடாம். பழைய நாளில் மேடைக் கயிறு இழுத்தவர்கள் கப்பல்காரர்களாம். விசில்தான் அவர்கள் பாஷையாம். யாரோ சும்மா அடித்த விசிலுக்கு, கட்டி வைத்த பாரம் நடிகன் தலையில் இறங்கிவிடுமாம். பரிகாரமும் உண்டு: அடித்தவர் வெளியே போய், மூன்று சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும்.

"இவுக ஊருலயும் சுத்திப்போடுற பழக்கம் இருக்கா" என்றபடி சேகரண்ணன் இறங்கிப் போய், லுங்கியை மடித்துக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றினார். தட்டினார். எட்வினே திறந்துவிட்டார்.

"தம்பி, பெரியவருகிட்ட சொல்லு. நம்ம ஊருல திரையில ஆளு வரும்போது விசில் விழலேன்னாத்தான் ஆளு காலி."

சொன்னேன். எட்வின் சொன்னார்: "எங்கள் ஊரில் விசில் அடித்தால், நீ போய்விடு என்று அர்த்தம். நான் தப்பான ஊரில் நடித்துவிட்டேன் போல."

முதல் காட்சியன்று அவருக்கு வசனம் நின்றுபோனது. மறுநாளும். சாப்பாட்டு மேசைகளின் கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அந்த மௌனம் பூதாகாரமாக நின்றது. டைரக்டர் நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு தடவை நின்றால், நாடகம் அடுத்துப் போகும் மஸ்கட்டிலும் பஹ்ரைனிலும் அந்த வேடம் இளைய நடிகருக்கு; எட்வின் வீட்டுக்குப் போகலாம். எடுபிடி என்பதால் அந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே தேநீர்த் தட்டோடு நின்றேன். எட்வின் தலையாட்டிவிட்டு என் தட்டிலிருந்து கிளாஸை எடுத்தார். நிதானமாகச் சர்க்கரை போட்டுக் கலக்கினார். அதுதான் பயமாக இருந்தது.

துபாயின் கடைசிக் காட்சி. வேலையாட்கள் நாங்கள் பின்கதவோரம் நின்றோம். மேடையில் கதவு தட்டப்பட்டது, மகளாக நடித்தவர் திறந்தார், எட்வின் வந்தார். ஒட்டுத் தாடி, நனைந்த கோட்டு. அவர் கை நாற்காலியைத் தேடிப் போன அந்த நொடியில், முன்மேசையில் குடித்திருந்த ஒருவர் உரக்கச் சொன்னார்: "தங்களை நாங்கள் எதிர்பார்க்கவில்லையே, ஐயா."

மண்டபமே சிரித்தது. எட்வினின் கை நாற்காலியில்தான் இருந்தது. வசனம் வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து எடுத்துக்கொடுத்த குரலைச் சிரிப்பு விழுங்கிவிட்டது. சிரிப்பு அடங்கியும் வரவில்லை. கரண்டிகள் கூட நின்றுவிட்டன.

"பெரியவரு நிக்கிறாருடா" என்றார் சேகரண்ணன். அடுத்து அவர் விரல் வாய்க்குப் போனது. நான் தடுத்திருக்கலாம், தடுப்பதற்குப் பதில் என் விரலும் போனது. எங்கள் இரண்டு விசிலும் மண்டபத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போயின. லோடு தூக்கும் பாகிஸ்தான் பட்டாண் பாய் ஒருவர், எதற்கென்று தெரியாமலே, கைதட்டினார். மேசைகள் எல்லாம் திரும்பி எங்களைப் பார்த்தன.

எட்வினும் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்பி, கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்திக்கொண்டார்.

முடிந்தது என்றே நினைத்தேன். வேலையும் போச்சு, அவர் வேடமும் போச்சு. "யல்லா, ஓடிருவோமா தம்பி" என்றார் சேகரண்ணன். மேடையில் மகள் தனியாக, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவு தட்டப்பட்டது.

மகள் திறந்தார். எட்வின் வாசலிலேயே நின்றார். நாற்காலியைத் தேடவில்லை, எதையும் தொடவில்லை. "உள்ளே வரலாமா?" என்றார். அது நாடகத்தில் இல்லாத வரி. சபைக்கு அது தெரியாது. செத்துப்போன அப்பா கேட்கிற கேள்வியாக அது விழுந்தது, விழுந்த இடத்தில் ஒரு சத்தம் இல்லை. அங்கிருந்து கடைசி வரை அவர் ஒரு சொல்லைக் கூடத் தவறவிடவில்லை. கதவுக்குப் பின்னால் இருட்டில் அவர் நனைந்த கோட்டோடு மூன்று சுற்றுச் சுற்றியதை, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த அம்மாள் அப்புறம் எங்களிடம் சொன்னார். நாங்கள் செய்ய வேண்டிய பரிகாரத்தை அவர் செய்திருக்கிறார்.

மறுநாள் காலை கோடவுனில் செட்டை மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். எட்வின் வந்தார். "வேடம் உங்களுக்குத்தானே?" என்றேன். "எனக்குத்தான். வேண்டாம் என்றுவிட்டேன்." முடிந்தது என்பதற்கு எங்களிடம் கற்ற ஒரே அரபிச் சொல்லையும் சொன்னார்: "கலாஸ்."

"ஏன்?"

"கைதட்டல் நிறைய வாங்கியாயிற்று. சாப்பாடு நன்றாக இருந்தாலும் தட்டுவார்கள். விசில் ஒன்றுதான் வாங்கியிருக்கிறேன். மஸ்கட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்களே."

பிறகு சேகரண்ணன் முன்னால் போய் நின்று, எனக்குக் கற்றுக்கொடு என்று விரலைக் காட்டினார். "இப்புடி மடக்கு பெரியவரே. நாக்க உள்ள தள்ளு. இப்ப ஊது." ஊதினார். காற்று வந்தது. மறுபடி ஊதினார், பல்செட் நழுவி உள்ளங்கையில் விழுந்தது. முதலில் சிரித்தது அவர்தான். துடைத்து மாட்டிக்கொண்டு, "பல் என்னுடையது இல்லை" என்றார். கிராம்பு வாசனை அடித்தது.

அந்த ஹோட்டலை இடித்துவிட்டார்கள். எங்கள் கோடவுன் இப்போது சுவரெல்லாம் ஓவியம் தொங்கும் காப்பிக் கடை. நான் அங்கே வேலை பார்த்தபோது வராத புத்தி அந்தச் சுவருக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. சேகரண்ணன் கொரோனா வருஷத்தில் போய்விட்டார். அவர் விசிலை யாரும் பிடித்து வைக்கவில்லை. ஊர் டெண்ட் கொட்டகைகள் கல்யாண மண்டபங்களாகிவிட்டன. எட்வின் எப்போது போனார், போய்விட்டாரா என்பது கூடத் தெரியாது. போனில் தேடினால் இன்றும் கதவு திறந்துகொண்டிருக்கிறார். அவர் தட்டியது எங்கேயும் இல்லை.

குளியலறையில் இன்னும் இரண்டு தரம் ஊதிப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்தி, தலை கிறுகிறுக்காமல் மெல்ல மூன்று சுற்றுச் சுற்றி, தட்டினேன்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உள்ளதான் யாரும் இல்லையே. யாரு தொறப்பான்னு தட்டுறீங்க?"