ஏழுமலை வைத்த மூன்று புள்ளிகள்

செவ்வாய்க்கிழமை காலை, புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றுகொண்டிருந்தபோது, மருந்தாளுநர் சரளா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவை யாரும் சாத்துவதில்லை. "மேடம், நம்ம ஏழுமலை... காலைல வண்டிய எடுக்கும்போது நெஞ்ச வலிக்குதுன்னு உக்காந்தாராம். எழுந்திருக்கவே இல்லீங்களாம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா உளறாதீங்க!" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் துக்கம்கூட எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

ஜவ்வாது மலைமேல் நம் நிலையத்தில் ஏழுமலை தரவுப் பதிவாளர். மருத்துவராக நான் சீட்டில் எழுதும் நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவர் வேலை. என்னைவிட எட்டு வயது இளையவர். படவேட்டுப் பக்கத்திலிருந்து தினமும் பைக்கில் மலை ஏறி வருவார். மார்கழி மாதத்தில் வந்து இறங்கும்போது அவர் உதடே பனிக்காற்றில் வெடித்து வெள்ளை பூத்திருக்கும். "மொத கேஸ் நான்தாங்க மேடம், பதிஞ்சிக்கட்டுமா?" என்று சிரிக்கப் பார்ப்பார். சிரித்தால் வலிக்கும், பாதியில் நிறுத்திவிடுவார்.

உதடு வெடிப்புக்கு எண் கே-13.0. உதட்டில் வரும் பெரும்பாலான தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் எண் அது. மேலுதடா கீழுதடா, நடுவா ஓரமா என்று அது கேட்பதில்லை. ஏழுமலை கேட்பார். மலைமேல் இணையம் ஒழுங்காகக் கிடைப்பது மதியத்துக்கு மேல்தான். அதற்குள் நோயாளி ஷேர் ஜீப் பிடித்து ஊர்போய்ச் சேர்ந்திருப்பார், அப்புறம் யாரிடம் கேட்பது? அதனால் மருந்து வாங்கிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, சீட்டின் பின்பக்கம் பேனாவால் இரண்டு வளைகோடு இழுத்து ஓர் உதடு வரைவார். வெடிப்பு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். "எத்தினி நாளா இருக்குது?" என்று கேட்டு, பதிலைப் பக்கத்தில் குறிப்பார். கணினியில் அந்தப் புள்ளிக்கு இடமே கிடையாது. ஆனாலும் சீட்டுகளை ஊர்வாரியாகக் கட்டி இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்.

இதனால் வரிசை நகராது. வெளியே ஜீப்காரர் ஹாரன் அடிப்பார். "இன்னா ஏழுமலை, லிப்ஸ்டிக் கம்பெனி ஆரம்பிக்கப் போறீங்களா?" என்று சரளா கிண்டல் செய்வார். அவர் அசைய மாட்டார். "கேக்காம எழுதறதுக்கு நான் எதுக்குங்க?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். குளிர் காலத்தில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உதடு வெடித்திருக்கும், ஒவ்வொருவருக்கும் ஒரு படமா? நான் வேறு வழி கண்டுபிடித்தேன். கலசப்பாக்கத்தில் சொல்லி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கிவந்தேன். உதடு வெடிப்பு, கே-13.0, களிம்பு. ஒரே குத்து, வேலை முடிந்தது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஸ்டாம்பை நெல்லிவாசல்நாட்டுச் சின்னக்கண்ணுவின் சீட்டில் மூன்று முறை குத்தினேன். சாமையும் புளியுமாக மலையில் பிழைக்கிற விவசாயி அவர். மார்கழியில் ஒரு தடவை வந்தார், மாசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை. மூன்றாம் முறை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதை இப்போது எழுதவும் கை கூசுகிறது.

மறுநாள் காலை ஏழுமலை மூன்று சீட்டுகளைத் திருப்பிப்போட்டு என் மேசையில் வரிசையாக வைத்தார். மூன்று உதடு, மூன்று புள்ளி. "மேடம், சித்திரை வெயில்ல இன்னாங்க பனி வெடிப்பு?" என்றார். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இங்க டாக்டர் நீங்களா, நானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் சிறுத்துப்போனது. ஆனால் குரல் மாறவில்லை. "நீங்கதாங்க டாக்டர். நான் புள்ளி வெக்கிறவன். அந்தப் புள்ளி நகரவே இல்லீங்க மேடம்."

பார்த்தேன். கீழுதடு, இடது பக்கம், மூன்றிலும் அதே இடம். பனி வெடிப்பு என்றால் இடம் மாறும், களிம்புக்கு அடங்கும், வெயில் வந்தால் போய்விடும். நான்கு மாதமாக ஒரே இடத்தில் ஆறாமல் இருப்பது வேறு சமாச்சாரம். அவரை உடனே வரவழைக்க வேண்டும். சின்னக்கண்ணுவிடம் போன் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையே போனார். வண்டி போகிற வரைக்கும் வண்டி, அப்புறம் நடை. சின்னக்கண்ணு களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தாராம். "தம்மாத்தூண்டு ஒதட்டுக்கு எதுக்கு சாமி அவ்ளோ தூரம்? வேலை கெடக்குது" என்றாராம். ஏழுமலை வாதாடவில்லை. "வேலைய முடிங்க, நானும் தட்டறேன். ஆனா உங்கள வுட்டுட்டு போமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை காலை இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். நான் கையுறை போட்டு அந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெடிப்புக்கு அடியில் கெட்டியாக இருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன். சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்றுநோய்தான். ஆரம்ப நிலை என்பதால் அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டித் தைத்ததோடு முடிந்தது. நோய்ப் பட்டியலில் புற்றுநோய்ப் பகுதிக்குப் போனால்தான் மேலுதட்டுக்கு ஓர் எண், கீழுதட்டுக்கு ஓர் எண் என்று பிரிகிறது. ஏழுமலை அதற்கு முன்பே பிரித்துக் கேட்டவர்.

இனி சொல்லப்போவது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய பதிவைத் திருத்த அவருடைய கடவுச்சொல் போதும். அவரை அழைத்து, "அந்த மூணையும் ஆறாத புண்ணு, சந்தேகம்னு மாத்திடுங்க. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றேன். முடியாது என்று தலையசைத்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க இன்னா எழுதினீங்களோ, அதாங்க மேடம் அன்னிக்கு. இன்னிக்கு பார்த்தத இன்னிக்கு எழுதலாங்க" என்றார்.

"அப்போ பேர் கெட்டுப்போறது எனக்குத்தானே?"

"கெடாதுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பின நாலாவது சீட்டும் உங்க பேர்லதாங்க இருக்குது. ரெண்டு தடவை நானும் கண்டுக்காமதான் ஏத்தினேன், அதுவும் அங்க இருக்கட்டும்."

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் ஸ்டாம்பைக் கொண்டுபோய் அவர் மேசையருகே இருந்த குப்பைக்கூடையில் போட்டேன். டீ வந்தபோது அவர் என் டம்ளரை முதலில் நகர்த்தி வைத்தார். என் வேலைக்காலத்தில் என்னிடம் "முடியாது" என்று சொன்ன ஊழியர் அவர் ஒருவர்தான். அதற்காக அவரிடம் நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். தினமும் பார்க்கிற ஆள்தானே என்று இருந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு சின்னக்கண்ணு மலையிலிருந்து வந்திருந்தார். ஏழுமலையின் மனைவி முன்னால் போய் நின்று, தழும்பு ஏறிய கீழுதட்டை விரலால் தொட்டுக் காட்டினார். "இத பாரு தாயீ. எங்க வூட்டு களத்துல வந்து உக்காந்துகினு, என்ன இட்டுகினு போன மனுஷன்" என்றார். அந்த அம்மா அதுவரை அழாமல் இருந்தவர், அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன்.

புது ஆள் வரும்வரை அவருடைய மேசைச் சாவியும் கடவுச்சொல்லும் என் பொறுப்பில் இருக்கின்றன. இப்போது சீட்டின் பின்னால் உதடு வரைவது நான்தான். என் கோடு கோணலாகத்தான் வருகிறது. நேற்று மதியம் இணையம் வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சின்னக்கண்ணுவின் பக்கத்தைத் திறந்தேன். மார்கழி, கே-13.0. மாசி, கே-13.0. சித்திரை, கே-13.0. மூன்றிலும் மருத்துவர் என்ற இடத்தில் என் பெயர். பக்கத்திலேயே திருத்து என்ற பொத்தான். தடுக்க ஆளில்லை.

பக்கத்தை மூடினேன். ஏழுமலையின் ஞாபகமாக என்னிடம் இருப்பவை, அவர் என்னைத் திருத்த விடாத அந்த மூன்று தப்புகள்தான். அவை அங்கேயே, என் பெயரிலேயே இருக்கும்.